யார் தூக்கியது? ஆறு பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கும் ஒரு குடும்பத்தின் கோடைக்காலம்

தண்ணீருக்குத் தவித்த 2024 கோடையில், பெங்களூரு ஹொரமாவு பக்கம் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் தண்ணீர் தூக்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்பதைப் பற்றியது இது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். யார் பெயரும் இதில் இல்லை. மூத்த பெண் முழுவதையும் படித்துப் பார்த்து இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். நான் இருபத்தாறு வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறேன். 2022-லிருந்து வாரம் மூன்று நாள் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுத்து வருகிறேன். தள்ளி நின்று பார்த்தவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. என் தவறும் இதில் உண்டு, அது அந்தந்த இடத்தில் வரும்.

பின்னணி

வீட்டில் ஒன்பது பேர். அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற ஆயா, ஆறு பிள்ளைகள். அந்த வருடத் தொடக்கத்தில் பெரியவளுக்கு 15 வயது. அடுத்தவன் 13, மூன்றாமவள் 10, நான்காமவன் 8, ஐந்தாமவள் 5, கடைக்குட்டிக்கு ஒன்றரை. சொந்த ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். அப்பா ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறார், காலை ஒன்பதுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார். அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். முதல் மாடியில் வாடகை வீடு. கீழே வீட்டு ஓனரும் இன்னொரு குடித்தனமும்.

2020-இல் கொரோனாவுக்குப் பள்ளிகள் மூடியபோது இரண்டாமவனுக்கு ஒன்பது வயது. அதுவரை எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறியவன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தினம் அரை மணி நேரம் படித்து, ஒரு வருடத்தில் சொந்தமாகக் கதைப் புத்தகம் எடுக்க ஆரம்பித்தான். பள்ளி திறந்தபோது அவனைத் திருப்பி அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஒருவன் மட்டும் வீட்டில், மற்றவர்கள் பள்ளியில் என்றால் சரிப்படாது என்று எல்லோரையும் நிறுத்திக்கொண்டார்கள். நாலு பிள்ளைகளுக்கும் கட்ட வேண்டிய ஃபீஸும் ஒரு காரணம். அதை அவர்கள் மறைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. அதன் 10-ஆம் பிரிவு பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று சட்டத்தில் இல்லை, ஹோம்ஸ்கூலிங் பற்றிப் பெயர் சொல்லியும் எதுவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் இருக்கின்றன. தேர்வுக்கு மட்டும் வழி தெளிவாக இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ்., 14 வயது முடிந்தவர்களைப் பத்தாம் வகுப்புக்குச் சேர்த்துக்கொள்கிறது. ஐந்து பாடம், அதில் தமிழும் எடுக்கலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தேர்வு. பதிவு ஐந்து வருடம் செல்லும். ஒரு பாடத்தில் தேறிவிட்டால் அது தேறியதுதான், மறுபடி எழுத வேண்டாம். பெரியவள் 2024 ஏப்ரல் தேர்வுக்குப் பதிவு செய்திருந்தாள். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் பொதுத்தேர்வு எழுதப் போகிறவள்.

பிப்ரவரி வரை

நன்றாகவே ஓடியது. ஏழரைக்குள் எல்லோரும் சாப்பிட்டுவிடுவார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை கூடத்தில் பாடம். அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே கணக்கு பார்ப்பார். பெரியவள் ஐந்தாமவளுக்கு எழுத்து, நான்காமவனுக்கு வாய்ப்பாடு. சாயங்காலம் நான் போவேன். அப்பா சனிக்கிழமைகளில் சீக்கிரம் வந்துவிட்டால் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போவார்.

பார்க்கிற யாருக்கும் பெரியவளைப் பிடிக்கும். இடுப்பில் தம்பி, கையில் கரண்டி, வாயில் ஏழாம் வாய்ப்பாடு. "இந்த வீட்டுக்கே தூண் நீதான்டி" என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

மார்ச்: போர்வெல் வற்றியது

அந்த வருடம் பெங்களூரில் வந்த தண்ணீர்ப் பஞ்சம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நகரத்தில் இருந்த 13,900 போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் அறிவித்தார். குடிதண்ணீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். டேங்கர் லாரிக்கு அரசு விலை நிர்ணயித்தது, ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய் என்று. எங்கள் தெருவுக்கு அந்த விலையில் வந்த லாரி எனக்குத் தெரிந்து மிகவும் குறைவு.

அந்தக் கட்டிடத்தின் போர்வெல் மார்ச் இரண்டாம் வாரம் நின்றது. காவிரிக் குழாய் அப்போது எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. ஓனர் டேங்கர் வரவழைத்து சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், நிரப்பினார். மேல் தொட்டிக்கு ஏற்றினால் குழாயைத் திறந்து விட்டுவிடுவார்கள் என்று மோட்டாரை நிறுத்திவிட்டு, சம்ப்பிலிருந்து கீழேயே பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் நிலைமையும் புரிகிறது, லாரிக்காரரிடம் தினமும் கெஞ்சியவர் அவர்தான். ஆனால் ஒன்பது பேர் இருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் இனிமேல் பத்தொன்பது படி ஏறித்தான் வரவேண்டும்.

முதல் வாரம் கால அட்டவணை அப்படியே சுவரில் இருந்தது, நடந்தது எதுவும் இல்லை. எட்டு மணிக்குப் பாடம் என்றால் எட்டேகாலுக்கு லாரிச் சத்தம் கேட்கும், கூடம் காலியாகிவிடும். மதியம் வெயில் தாங்காமல் சின்னவர்கள் தரையில் படுத்துவிடுவார்கள். அம்மாவுக்குத் தையல் ஆர்டர்கள் தேங்கின.

மார்ச் 18-ஆம் தேதி அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசினோம். தண்ணீரையே பாடமாக்கிவிடலாம் என்று தோன்றியது. மூன்றாமவள் கணக்கில் கெட்டி. அவளிடம் ஒரு நீள நோட்டைக் கொடுத்து மூன்று கட்டம் போடச் சொன்னோம்: தேதி, நேரம், எதற்கு. ஒரு வாளி 15 லிட்டர். மாடிக்கு வரும் ஒவ்வொரு நடையையும் எழுத வேண்டும். எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்தால் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று தெரியுமே என்பதுதான் எங்கள் எண்ணம். "யார்" என்ற நாலாவது கட்டத்தை அவளாகத்தான் கேட்டுச் சேர்த்தாள், அண்ணன் தூக்காமலே தூக்கியதாகச் சொல்கிறான் என்று.

நான் பார்த்தும் பார்க்காமல் விட்டவை

மார்ச் மூன்றாம் வாரத்தில் பெரியவளின் கையெழுத்து மாறியது. அவள் எழுத்து உருண்டையாக, வரியை விட்டு இறங்காமல் இருக்கும். திடீரென்று சாய்ந்து, கொம்பும் சுழியும் உடைந்து வந்தது. "அவசரப்படாதே, திருத்துபவர் கண்ணுக்கு முதலில் படுவது கையெழுத்துதான்" என்று கடிந்துகொண்டேன். அவள் சரி என்றாள். பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே செருகிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பிள்ளைகள் அவ்வப்போது இப்படிப் புதுவிதமாகப் பிடிப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். அவர்கள் வீட்டுப் பெரிய வாளியின் பிளாஸ்டிக் பிடி உடைந்து, கம்பி மட்டும் இருந்தது. அதில் பழைய துணியைச் சுற்றியிருந்தார்கள். அந்தக் கம்பி அழுத்திய தடம் அவள் விரல்களில் இரண்டாம் கணுவுக்குக் கீழே செக்கச்செவேல் என்று கன்றிப் போயிருந்தது. இதை நான் கவனித்தது மூன்று வாரம் கழித்து.

இன்னொன்று. கடைக்குட்டி அவளை "ம்மா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். எல்லோரும் சிரித்தோம். அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை என்பது இப்போது நினைத்துப் பார்த்தால் ஞாபகம் வருகிறது.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அரசுப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டார்கள். தெரு முழுக்கப் பிள்ளைகள். நான்காமவன் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, "எங்களுக்கு எப்ப லீவு, டீச்சரம்மா?" என்று கேட்டான். பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு லீவு எதற்கு என்று அவன் அப்பா கேட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அன்று நானும் வாயைத் திறக்கவில்லை.

பெரியவளின் தேர்வு அதற்கு முந்தைய வாரமே தொடங்கியிருந்தது. முதல் தாள் அன்று மதியம் தேர்வு. பன்னிரண்டரைக்கு லாரி வந்துவிட்டது. அவள் ஆறு நடை தூக்கிவிட்டு, நனைந்த சுடிதாரை மாற்றிக்கொண்டு, ஓடிப்போய் பஸ் பிடித்தாள். நேரத்துக்குப் போய்விட்டாள். இதை அவள் வீட்டில் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. நோட்டில் இருந்தது.

ஏப்ரல் 14: ஒட்டுத்தாள்

சித்திரைப் பிறப்பு, ஞாயிற்றுக்கிழமை. சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ தூவி ஆயா பரிமாறினார். சாப்பிட்டு முடித்ததும் மூன்றாமவள் கட்டம்போட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தாள். ஏப்ரல் 7 முதல் 13 வரை ஒரு வாரக் கணக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, எத்தனை நடையோ அத்தனை உயரம். பட்டை வரைபடம் போடக் கற்றுக்கொடுத்தது அம்மாதான்.

மொத்தம் 212 நடை. அம்மா 51, அண்ணன் 24, அப்பா 18, தான் 16, தம்பி 6. அக்கா 97. அக்காவின் கோடு தாளுக்குள் அடங்கவில்லை. அதனால் மேலே இன்னொரு துண்டுத் தாளைப் பசை போட்டு ஒட்டி, அதில் ஏற்றியிருந்தாள். ஒட்டிய இடம் சுருங்கி, நீட்டிக்கொண்டு நின்றது.

"தாள் பத்தல" என்றாள்.

யாரும் எதுவும் பேசவில்லை. அப்பா கணக்கு எழுதுகிறவர். தாளை எடுத்துப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார், கீழே வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். ஏற்கெனவே கழுவிய கையைத்தான். பெரியவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். அவள் முகத்தில் இருந்தது கூச்சம், பெருமை இல்லை. தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை போல நின்றாள்.

ஆயாதான் முதலில் பேசினார். "நாங்கல்லாம் ரெண்டு மைலு போய் தூக்கியாந்தோம். பொட்டப்புள்ளைக்குக் கை தேஞ்சா போவும்?" ஆயாவைக் குறை சொல்ல நான் தயாரில்லை, அவர் பட்டது அது. ஆனால் அன்று அப்பா தன் அம்மாவிடம், நான் பார்த்து முதன்முறையாக, "தேஞ்சுதாம்மா போயிருக்கு, வந்து பாரு" என்று மகளின் கையைப் பிடித்துக் காட்டினார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்று சாயங்காலமே பேசினோம். நாலு யோசனை வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் இரண்டு மாதம் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார் ஆயா. பெரியவளுக்குத் தேர்வு, திருப்பத்தூர் வெயில் இதைவிடக் கொடுமை என்பதால் அது நிற்கவில்லை. தண்ணீர் தூக்க ஆள் வைக்கலாமா என்று விசாரித்ததில் மாதம் கேட்ட தொகை அவர்கள் வாடகையில் பாதி. தேர்வை அக்டோபருக்குத் தள்ளிவிடலாம் என்றேன் நான். பெரியவள் ஒரே வார்த்தையில் முடியாது என்றாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மிச்சம் இருந்தது வேலையை மாற்றிப் பிரிப்பது. அதில் நாங்கள் கற்றது, "இனிமேல் எல்லாரும் அக்காவுக்கு உதவணும்" என்று சொன்னால் ஒன்றும் நடக்காது என்பது. அப்படிச் சொன்னால் வேலை அக்காவுடையதாகவே இருக்கும், மற்றவர்கள் முடிந்தபோது கை கொடுப்பார்கள். அதனால் தேர்வு முடியும்வரை நோட்டில் அவள் பெயருக்கு நேரே நடையே வரக்கூடாது என்று எழுதி வைத்தோம். பூஜ்யம். குறைக்கவில்லை, எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் யார் என்பதும் பெயரோடு எழுதப்பட்டது: காலை கடைக்குப் போகுமுன் ஐந்து நடையும் இரவு வந்து ஐந்து நடையும் அப்பா. பகலில் லாரி வந்தால் இரண்டாமவன். மூன்றாமவளுக்கும் நான்காமவனுக்கும் அரை வாளி மட்டும், படியில் கைப்பிடி பிடித்தபடி. பெரிய வாளிக்குப் புதுப் பிடி போட்டது அன்றே. நாற்பது ரூபாய் வேலை, ஒரு மாதமாகச் செய்யாதது.

பெரியவள் காலை பத்து முதல் ஒன்று வரை என் வீட்டில் உட்கார்ந்து படிப்பது என்று முடிவானது. வீட்டுக்குள்ளேயே தனி அறை கொடுக்கலாமே என்றார் அம்மா. கதவுக்கு இந்தப் பக்கம் தம்பி அழுதால் அவள் வெளியே வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நாலு வீடு தள்ளி என்றால் அழுகை கேட்காது.

பாட நேரத்தையும் மாற்றினோம். வெயிலுக்கு முன் ஆறரை முதல் எட்டரை வரை கணக்கும் மொழியும், அவ்வளவுதான். மதியம் ஒன்று முதல் மூன்றரை வரை யாரும் ஓடக்கூடாத அமைதி நேரம். நான்காமவனுக்குப் பத்து நாள் முழு லீவு, அதற்குப் பின்னும் தினம் நாலரை முதல் ஆறரை வரை தெரு. அப்பா தயங்கினார். எட்டு வயதுப் பையனுக்குத் தெருவில் விளையாட நேரம் தராத படிப்பை வீட்டில் வைத்து என்ன பயன் என்று நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

முதல் பத்து நாள்

மோசமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர்கள் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவார்கள்.

கடைக்குட்டி நாலு நாள் வாசலில் உட்கார்ந்து அழுதான். இரண்டாம் நாள் பதினொரு மணிக்குப் பெரியவள் என் வீட்டில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள். "தம்பி அழறான், டீச்சரம்மா." எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்டிருக்க முடியாது. "கேக்குதா?" என்றேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, இல்லை என்று உட்கார்ந்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். அன்று அவள் படித்தது மூன்று பக்கம் இருக்கும்.

இரண்டாமவன் பாதி வாளியைப் படியில் சிந்தினான். கீழ்க் குடித்தனக்காரர் சத்தம் போட்டார். அம்மா ஒரு நாள் என்னிடம் வந்து அழுதார். "நான் பெத்த பிள்ளைய அவ வளத்திருக்கா டீச்சர், எனக்கே தெரியாம." அதற்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் நாள் இரண்டாமவன் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு லாரி பார்க்கப் போனான். அதிலிருந்து சின்னவனுக்கு அண்ணன் என்றால் லாரி. அழுகை நின்றது. நான்காமவன் தெருவிலிருந்து "ஒந்து, எரடு, மூரு" என்று கன்னடத்தில் எண்ணிக்கொண்டு வந்தான். இரண்டு வருடமாக வீட்டில் கன்னடம் சொல்லிக்கொடுக்க முயன்று நடக்காத விஷயம் இது.

அமைதி நேரம் எங்களுக்கே எதிர்பாராத இடத்துக்குப் போனது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. படுத்தபடி தன் ஊர்க் கதைகளைச் சொல்வார்: கிணறு வெட்டியது, பஞ்சத்தில் கேழ்வரகைக் கடன் வாங்கியது, கூழ் வடகம் காயப்போட்டுக் காக்கை விரட்டியது. எழுத்துக் கூட்டத் திணறிய அந்த இரண்டாமவன் அவற்றை எழுதத் தொடங்கினான். பிழை நிறைய. நான் திருத்தவே இல்லை, இன்றுவரை.

அளவுக்கு மீறிய சிக்கனம்

ஏப்ரல் முழுக்க மழை இல்லை. 28-ஆம் தேதி பெங்களூரில் 38.5 டிகிரி. அந்த வாரக் கணக்கை ஒட்டுத்தாள் இல்லாமலே வரைந்தாள் மூன்றாமவள். மொத்தம் 190 நடை. அப்பா 66, அண்ணன் 55, அம்மா 36, அவள் 20, தம்பி 13. அக்காவின் இடத்தில் ஒன்றும் இல்லை.

பாத்திரத்தை மூன்று தொட்டி வைத்துக் கழுவினார்கள்: முதல் தொட்டியில் எச்சில் போக, இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் அலசல். மூன்றாம் தொட்டித் தண்ணீர் மறுவேளைக்கு முதல் தொட்டியாகும். துணியைக் கீழேயே துவைத்தார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் மூன்றாமவள் எண்ணைக் குறைப்பதையே விளையாட்டாக எடுத்துக்கொண்டு, குளியலறை வாசலில் நின்று தங்கை எத்தனை மக் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஐந்தாமவளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏப்ரல் தொடக்கத்தில் தலைக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் வந்தது, இப்போது, அரை வாளி நடைகளை அரையாகவே எடுத்தால், 41. அன்றாடத் தேவைக்கு ஒருவருக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்று ஐ.நா. சொல்கிறது. நகரங்களில் ஒருவருக்கு 135 லிட்டர் தரவேண்டும் என்பது நம் நாட்டுத் திட்ட அளவு. பத்து வயதுப் பிள்ளையிடம் கணக்கைக் கொடுத்த நாங்கள் எதுவரை குறைக்கலாம் என்ற கீழ்க்கோட்டைக் கொடுக்கவில்லை. அம்மா நோட்டின் முதல் பக்கத்தில் "ஒருத்தருக்கு 50-க்குக் கீழே போகக்கூடாது" என்று எழுதிக் கோடு போட்டார். அப்பா தன் பங்கில் நடைகளைக் கூட்டினார். வேர்க்குரு அடங்கியது.

மே: மழை

மே முதல் வாரம் மழை வந்தது. தெருவே வெளியே வந்து நனைந்தது. மூன்றாமவளுக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கட்டிடம் முப்பதுக்கு நாற்பது அடி மனை, மொட்டை மாடி முழுதாக எடுத்தால் 111 சதுர மீட்டர் வரும். பத்து மில்லிமீட்டர் பெய்தால் 1,110 லிட்டர். 74 வாளி. அதை அவள் ஓனரிடமே போய்ச் சொன்னாள், என்னைத் துணைக்குக்கூடக் கூப்பிடவில்லை. மாடிக் குழாய் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு ஓனரும் அப்பாவும் சேர்ந்து அதைச் சம்ப்புக்குத் திருப்பி, வாயில் ஜல்லியும் மணலும் போட்ட ஒரு டிரம்மை வைத்தார்கள். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தார்கள். அது குளிக்கவும் துவைக்கவும் மட்டும்.

பெரியவளின் கடைசித் தாள் முடிந்த மறுநாள் நோட்டில் ஒரு பதிவு இருக்கிறது. தங்கையின் கையெழுத்து இல்லை, உருண்டையான அவளுடைய பழைய எழுத்து. "காலை 10.20. எனக்குத் தலைக்குக் குளிக்க. 2 வாளி. நான்."

விளைவு

ஜூன் கடைசியில் தேர்வு முடிவு வந்தது. நாலு பாடம் தேறினாள், ஒன்றில் இல்லை. எந்தப் பாடம் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஏப்ரல் 14-க்கு முன் எழுதிய தாள் அது என்று மட்டும் சொல்லலாம் என்றாள். அக்டோபர்-நவம்பரில் மறுபடி எழுதித் தேறிவிட்டாள்.

தண்ணீர் வேலையை அவள் ஜூனில் மீண்டும் எடுத்துக்கொண்டாள், வாரத்துக்கு இத்தனை நடை என்று அளவோடு. அப்பாவின் காலை ஐந்து நடை நிற்கவில்லை. காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் அக்டோபர் 16-ஆம் தேதி தொடங்கப்பட்டது. எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. குழாய் வந்தபிறகும் அந்த நோட்டை நிறுத்த வேண்டாம் என்று அம்மா சொன்னார். இப்போது அதில் தண்ணீர் இல்லை. சமையல், தம்பியைத் தூங்கவைப்பது, பாத்திரம், சின்னவளுக்கு எழுத்து, எல்லாவற்றுக்கும் "யார்" என்ற கட்டம் இருக்கிறது. இரண்டாமவன் வாரம் இரண்டு நாள் சாம்பார் வைக்கிறான். ஆயா அதற்கு உப்பு பார்க்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்காமவன் லீவு பிடித்துப்போய், ஜூனில் பாடத்துக்கு உட்கார ஒரு மாதம் அடம் பிடித்தான். அவனை அடுத்த வருடம் பள்ளியில் சேர்க்கலாமா என்று பெற்றோர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, அவனுக்குத் தெருவும் கூட்டமும் வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

யார் எவ்வளவு செய்கிறார்கள் என்ற கணக்கைக் கஷ்டம் வருமுன், பிப்ரவரியிலேயே எடுத்திருக்க வேண்டும். அப்போதும் அக்காவின் கோடுதான் உயரமாக இருந்திருக்கும். தண்ணீர் அதைக் கண்ணில் காட்டியது, அவ்வளவுதான். பிள்ளைகள் நிறைய உள்ள வீட்டில் ஹோம்ஸ்கூலிங் என்றால் மூத்த பெண் பாதி நேரம் ஆசிரியை, பாதி நேரம் தாய். பார்க்க அழகாக இருப்பதால் யாரும் எண்ணுவதில்லை.

என் பங்கில் முதலாவது, கையெழுத்து மாறியபோது கையைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது, அந்தத் தூண் என்ற பேச்சு. நவம்பர் தேர்வு முடிந்த பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள்: "நீங்க அப்படிச் சொன்னதுக்கப்புறம் முடியலைன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல, டீச்சரம்மா." நான் பாராட்டு என்று நினைத்துச் சொன்னது அவள் வாயை அடைத்திருக்கிறது. இப்போது அவளிடம் அப்படிப் பேசுவதில்லை. பிள்ளைகளோடு தனித்தனியாக மாதம் ஒரு நடை, ஏரி வரை போய் வருகிறேன், பெரியவர்கள் யாரும் கூட இல்லாமல். அதில் என்ன பேசினோம் என்று வீட்டில் கேட்கக்கூடாது என்பது ஒப்பந்தம்.

தேர்வு எழுதும் பிள்ளைக்குத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே வேலை நீக்கம் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாமவன் 2026 ஏப்ரலில் பத்தாம் வகுப்பு எழுதப் பதிவு செய்கிறான். பிப்ரவரி முதல் அவன் கட்டத்தில் பூஜ்யம் என்று மூன்றாமவள் இப்போதே எழுதிவிட்டாள். சாம்பார் யார் வைப்பது என்பதற்கு நேரே அப்பாவின் பெயர் இருக்கிறது.